வேலிமசால் விதை ஏன் முளைக்க மறுக்கிறது?

கேள்வி: 10 சென்ட்டில் வேலிமசால் தீவனச் செடி விதைத்து 25 நாள் ஆகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்திருக்கிறது. விதை பழசா? அழித்துவிட்டு மறுபடி விதைக்கலாமா? 8 ஆடுகளுக்கு இந்த இடம் போதுமா?

பதில்: விதை பழசாக இருக்க வாய்ப்பு குறைவு. வேலிமசால் விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே விதைத்தால் கொஞ்சம் முளைக்கும், மீதி மண்ணுக்குள் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். வெந்நீர் நேர்த்தி செய்யாததுதான் பெரும்பாலும் காரணம்.

முளைத்ததை அழிக்க வேண்டாம். களை எடுத்துவிட்டு, இடைவெளியில் மட்டும் நேர்த்தி செய்த விதையைப் போடுங்கள். 3 பங்கு கொதிநீரில் 1 பங்கு சாதாரண நீர் கலந்தால் சூடு ஏறக்குறைய 80 டிகிரிக்கு வரும். விதையைப் போல மூன்று நான்கு மடங்கு நீர் இருக்கட்டும். 4 நிமிடம் வைத்து, சுடுநீரை வடித்து, குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பாருங்கள்: தண்ணீர் ஏறிய விதை பளபளப்பு மங்கி உப்பியிருக்கும், ஏறாதது முன்பு போலவே சிறுத்து மினுங்கும். மினுங்குவதைப் பொறுக்கி மறுபடி நேர்த்தி செய்யலாம். முழு விதையையும் ஒரேயடியாக வெந்நீரில் கொட்டாமல், முதலில் 100 விதையில் சோதித்துப் பாருங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றி நிமிடக்கணக்கில் விட்டால் முளையே வெந்துவிடும்.

வேர் முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் நுண்ணுயிரைக் கலப்பதானால் விதை முழுக்க ஆறி, நிழலில் உலர்ந்த பிறகுதான். சூட்டில் அந்த நுண்ணுயிர் பிழைக்காது. வேலிமசாலுக்கென உள்ள ரகத்தையே கேட்டு வாங்குங்கள். கைக்குக் கிடைத்த எதையோ கலந்தால் வேர் முடிச்சு வராமல் போகலாம். 45 நாள் செடி ஒன்றைத் தோண்டி முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் சரி.

வரிசைக்கு வரிசை 50 செ.மீ., ஆழம் 1 முதல் 2 செ.மீ. அதற்குக் கீழே போனால் சின்ன விதை மேலே வரத் திணறும். மணலில் கலந்து தூவினால் விதை சீராக விழும். ஏக்கருக்கு 8 கிலோ விதை, அதாவது உங்கள் நிலம் முழுவதற்கும் 800 கிராம். 10 சென்ட்டுக்கு அடியுரமாக ஒரு டன் தொழுவுரம், 15 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், ஒரு கிலோவுக்கும் குறைவாக யூரியா. யூரியாவை அள்ளிப் போட்டால் வேர் முடிச்சு சோம்பிவிடும். இப்போது இடைவெளி நிரப்புவதற்கு உரம் வேண்டியதில்லை.

தொடக்கத்தில் இது மெதுவாக வளரும் செடி. முதல் இரண்டு மாதம் களையை விட்டால் மீளாது. முதல் அறுவடை 90 நாளில், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு. ஒட்ட அறுத்தால் துளிர் வரவேண்டிய கணுக்களே போய்விடும். அதன்பின் 40 நாளுக்கு ஒருமுறை. தள்ளிப்போட்டால் தண்டு விறகாகி, ஆடு இலையை உருவித் தின்றுவிட்டுக் குச்சியை ஒதுக்கும். நிலத்தை 8 பாத்தியாகப் பிரித்து, ஒரு பாத்தியை 5 நாள் அறுத்து வந்தால் சுற்று தானாக 40 நாளில் முடியும்.

தண்ணீரும் பராமரிப்பும் சரியாக இருந்தால் 10 சென்ட்டில் வருடத்துக்கு சுமார் 5 டன் பசுந்தீவனம் எதிர்பார்க்கலாம். நாளுக்கு 13 கிலோ சொச்சம், ஆட்டுக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். அவ்வளவு போதும், மீதியைப் புல்லும் உலர்தீவனமும் நிரப்பட்டும். சவுண்டால் (சூபாபுல்) மரத் தழையில் உள்ள மைமோசின் நச்சு இதில் இல்லை, வயிறு உப்பும் தொல்லையும் கிடையாது. ஆனாலும் புதிதாகத் தொடங்கும்போது கைப்பிடியில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் கூட்டுங்கள்.

விதைக்கென ஒரு வரிசையை மட்டும் அறுக்காமல் விடுங்கள். காய் பழுப்பானதும் வெடிக்கும் முன் பறித்துவிட வேண்டும். சிந்திய விதை அடுத்த மழைக்கு வரப்பெல்லாம் களையாகக் கிளம்பும்.