கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் பள்ளிச் செலவு, விலைவாசி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்களுக்கு என்ன பயன்?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பயன் இருக்கிறது அம்மா. 222 பேர் கொண்ட மக்களவையில் அமைச்சர் சொல்லும் பதில் ஹன்சார்டில், அதாவது நாடாளுமன்றப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவேட்டில் ஏறிவிடும், அப்புறம் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று நழுவ முடியாது. ஆனால் ‘விலையைக் குறைப்பீர்களா?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. வீட்டு வாடகை, மளிகை, இரண்டு பிள்ளைகளின் பள்ளி பஸ் கட்டணம் எல்லாம் போக அதில் என்ன மிஞ்சும், இந்தக் கணக்கைத்தான் அங்கே கேட்க வேண்டும். உங்கள் வீட்டுக் கணக்கை எழுதி, எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, உங்கள் தொகுதி எம்.பி.யின் சேவை மையத்தில் கொடுங்கள்.