பார்லே-ஹெர்டோக் எல்லையை நேராக்கினால் என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெல்ஜியத்தின் பார்லே-ஹெர்டோக் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். நெதர்லாந்துக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும் ஊர். தெருவெல்லாம் எல்லைக்கோடு, ஒரே வீட்டுக்குள் இரண்டு நாடு! யாரோ செய்த குளறுபடியை இத்தனை காலம் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். நிலத்தை மாற்றிக்கொண்டு எல்லையை நேராக்கினால் என்ன?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

குளறுபடி இல்லை, கணக்குப் பார்த்துச் செய்தது. 1198ல் இந்தப் பகுதியை ஆண்ட பிரபாண்ட் கோமகன் முதலாம் ஹென்றி இங்குள்ள நிலத்தை பிரெடாவின் பிரபுவுக்கு மானியமாகக் கொடுத்தார். குடியானவர்கள் இருந்து வரி வந்துகொண்டிருந்த துண்டுகளை மட்டும் தன்னிடமே நிறுத்திக்கொண்டார். 1648ல் நெதர்லாந்து தனி நாடாக ஏற்கப்பட்ட பிறகு அந்த வரப்புகளே நாட்டு எல்லையாகிவிட்டன. 1843ல் எல்லை ஒப்பந்தம் போட்டவர்களாலும் இங்கே கோடு இழுக்க முடியவில்லை. 5,732 நிலத்துண்டுகளை ஒவ்வொன்றாக, எது எந்த நாட்டுக்கு என்று எழுதிவைத்தார்கள்.

வீடியோக்கள் எல்லைக்கோடு ஓடும் வாசற்கதவைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு இந்த ஊர் முக்கியமாகப் படுவது 1914னால்தான். முதல் உலகப்போரில் ஜெர்மன் படை பெல்ஜியத்தை ஏறக்குறைய முழுதாகப் பிடித்துவிட்டது. ஆனால் இந்தத் துண்டுகளுக்கு வரவேண்டுமானால் நடுநிலை நாடான நெதர்லாந்தின் மண்ணை மிதிக்க வேண்டும். அதனால் வரவில்லை. பெல்ஜியத்தின் தபால் நிலையம் இங்கே தொடர்ந்து இயங்கியது. 1915 அக்டோபரில் கம்பியில்லாத் தந்தி நிலையம் ஒன்றும் வேலை செய்யத் தொடங்கி, நேச நாடுகளுக்கு உளவுச் செய்தி போனது. டச்சு அரசுக்குத் தர்மசங்கடம். பெல்ஜியத் துண்டுகளைச் சுற்றி வேலி போட்டுக் காவல் வைத்தது.

இதே நகராட்சியைச் சேர்ந்த சோண்டெரைகென் கிராமம் பெல்ஜியத்தோடு ஒட்டியிருந்ததால் ஜெர்மானியர் கையில் சிக்கியது. அங்கே எல்லையில் அவர்கள் கட்டியது 2,000 வோல்ட் மின்வேலி. தப்பியோட முயன்ற பலர் அந்தக் கம்பியிலேயே செத்தார்கள். ஒரே நகராட்சி, பாதி சுதந்திரம், பாதி ஆக்கிரமிப்பு. இதைப் படித்த பிறகு அந்த வளைந்த எல்லையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாற்றிக்கொள்ளவும் முயன்றிருக்கிறார்கள். 1892ல் ஒப்பந்தம்கூடக் கையெழுத்தானது, ஒப்புதல் கிடைக்காமல் கிடப்பில் போனது. பிறகு இரண்டே இரண்டு நிலத்துண்டுக்காக ஹேக் சர்வதேச நீதிமன்றம் வரை போனார்கள். 1959ல் பத்துக்கு நான்கு என்ற வாக்குக் கணக்கில் அவை பெல்ஜியத்துக்கு என்று தீர்ப்பு வந்தது. எல்லை முழுவதையும் அளந்து முடித்தது 1995ல். என்னைக் கேட்டால், நேராக்க வேண்டிய அவசியமே இல்லை. பெல்ஜியப் பக்கமும் நெதர்லாந்துப் பக்கமும் உள்ள இரண்டு நகராட்சிகளும் பேசிவைத்துக்கொண்டு ஊரை நடத்துகின்றன.