காரின் பின்பக்க சஸ்பென்ஷன் ஆர்மை வீட்டிலேயே மாற்றுகிறேன். போல்ட் ஓட்டை நேராக வரவில்லை. என்ன செய்வது?

முதலில் சம்மட்டியைத் தள்ளி வையுங்கள். புது லோயர் ஆர்மின் (சக்கரப் பக்கத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) உள்பக்கம் பொருந்திவிட்டது, சக்கரம் மாட்டும் ஹப் பக்கத்து ஓட்டை மட்டும் ஒரு விரற்கடை தள்ளி நிற்கிறது என்கிறீர்கள். பழைய ஆர்மையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். நீளம் ஒன்றுதான் என்றால் ஆர்மில் குறையில்லை, ஹப்தான் இடம் மாறியிருக்கிறது.

வண்டியைத் தூக்கியதும் ஸ்பிரிங் ஹப்பைக் கீழே தள்ளிவிடும். ஹப்பைப் பிடித்திருக்கும் மற்ற லிங்குகளின் மூட்டில் உள்ள ரப்பர் உருளைகள், அதாவது புஷ்கள், அதை ஒரு பக்கமாகத் திருகியும் வைத்திருக்கும். அதனால் ஆர்மை இழுத்துப் பயனில்லை. ஹப்பைத்தான் கொண்டுவர வேண்டும். (ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் முழு பீம் உள்ள கார்களில் இந்தத் தொல்லையே கிடையாது.)

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு வாசலிலேயே மச்சானின் பழைய செடானுக்கு இந்த வேலையைப் பார்த்தோம். இங்கே எல்லாம் மணல் தரை. ஜாக்கி புதைந்து சாயும், அதனால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான பலகை கட்டாயம். இன்னொன்று, ஹேண்ட்பிரேக்கை நம்பாதீர்கள். பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், அந்தச் சக்கரமோ இப்போது தரையில் இல்லை. முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள்.

அப்புறம், ஹப்புக்கு அடியில் இன்னொரு ஜாக்கி வைத்து மெதுவாக உயர்த்துங்கள். மேல்கீழ் வித்தியாசம் தானாகவே சரியாகும். முன்பின் வித்தியாசம் மிஞ்சினால் லாரிக்காரர்கள் சரக்குக் கட்டும் ராட்செட் பட்டையைப் போட்டு இழுக்கலாம். எங்களிடம் பட்டை இல்லை, படகுக் கயிறு இருந்தது. ஹப்பையும் அடிச்சட்டத்தின் கெட்டியான ஓர் இடத்தையும் சேர்த்து வளையமாகக் கட்டி, நடுவில் ஒரு கம்பியை விட்டு முறுக்கினோம். "சம்மட்டியால ஒரு போடு போட்டா முடிஞ்சுது மாப்ள" என்று சொல்லிக்கொண்டிருந்த மச்சானே கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பியை விட்டுவிட்டால் சுழன்று வந்து முகத்தில் அடிக்கும், கவனம். கயிறு பிரேக் ஹோஸ் மீதோ ஏபிஎஸ் வயர் மீதோ படக்கூடாது. ஓட்டைகள் ஓரளவு நேரானதும் கூம்பு முனை உள்ள பஞ்ச் கம்பியை விட்டு நெம்புங்கள், எதிர்ப்பக்கத்தில் இருந்து போல்ட் நுழைந்துவிடும். விரலை விட்டுத் தடவிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

சில கார்களில் ஸ்பிரிங் அந்த ஆர்ம் மேலேயே உட்கார்ந்திருக்கும். உங்களுடையது அப்படி என்றால் ஆர்மை ஜாக்கியால் தாங்காமல் போல்ட்டைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் எலும்பு முறியும்.

போல்ட் போனதும் முழுசாக இறுக்கிவிடத் தோன்றும். அங்கேதான் பலரும் புது புஷ்ஷைக் கெடுக்கிறார்கள். ரப்பர் புஷ் சுழல்வது இல்லை, முறுக்கிக்கொண்டு திரும்பி வருகிறது. ஹப் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டியைத் தூக்கும் முன்பே ஹப்பின் நடுவில் இருந்து சக்கர வளைவின் விளிம்பு வரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கியால் ஹப்பை அதே அளவுக்கு உயர்த்தி, அந்த நிலையில் டார்க் ரெஞ்சால் (குறித்த விசை அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்குங்கள். உயர்த்தும்போது வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். எழும்பினால் நிறுத்திவிட்டு, சக்கரத்தை மாட்டி, நான்கு சக்கரமும் சரிவுப் பலகை மேல் நிற்க இறுக்குவது நல்லது.

நம் கரையில் உப்புக்காற்று தனித் தலைவலி. பாம்பன் பழைய ரயில் பாலத்தையே துரு தின்று 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், கார் போல்ட் எம்மாத்திரம்! இன்னொரு பக்கத்து ஆர்மையும் மாற்றப் போகிறீர்கள் என்றால் முதல் நாள் இரவே துரு எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். நட் கழன்றும் போல்ட் வராமல் புஷ்ஷோடு சேர்ந்து சுற்றினால், உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிவிட்டது என்று அர்த்தம். கிரைண்டரால் இரண்டு பக்கமும் அறுப்பதுதான் வழி. பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கும், தீப்பொறி பறக்கும் திசையைப் பாருங்கள். புது போல்ட்டின் வழவழப்பான தண்டில் மட்டும் கிரீஸ் தடவுங்கள். மரையில் தடவினால் டார்க் கணக்கு மாறிவிடும்.

ஓட்டை நடுவில் இல்லாமல் ஓரமாக உள்ள வாஷரோடு போல்ட் இருந்தால் அதுதான் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், சரிசெய்யும் இடம். கழற்றும் முன் அதன் நிலையை ஆணியால் கீறி வையுங்கள், மார்க்கர் எண்ணெயில் அழிந்துபோகும். கீறிய கோட்டிலேயே மாட்டினாலும் அது கடைக்குப் போய்ச் சேரும் வரைக்கும்தான். ராமநாதபுரத்திலோ மதுரையிலோ நான்கு சக்கர அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். முன்சக்கரத்தை மட்டும் பார்த்து அனுப்பும் கடை இதற்கு உதவாது. பின் டோ தவறினால் நேர்ரோட்டிலும் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயரின் ஓரமும் தேயும்.