எட்டாம் நம்பர் ஊசி, குறுகிப்போன ஸ்வெட்டர், வாசலில் வசந்தம்

கேள்வி: டொரொண்டோ பக்கம் இருக்கிறோம். நாலு வயது மகளுக்காக நவம்பரில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் தொடங்கினேன். வேலை, டேகேர், சமையல் என்று இழுத்து, முதுகுப் பக்கம் அக்குள் வரை மட்டும் முடிந்திருக்கிறது. இங்கே வாங்கிய பேட்டர்னில் 60 கண்ணி, 8 நம்பர் ஊசி என்று இருந்தது. மாமியார் குன்னூரிலிருந்து கொண்டுவந்த 8 நம்பர் ஊசியில்தான் பின்னினேன். அகலம் 33 செ.மீ. வர வேண்டும், 28.5 தான் வந்திருக்கிறது. நீளம் 23 செ.மீ., 64 வரிசை. குழந்தையின் மார்புச் சுற்று 59. மார்ச் வந்துவிட்டது. பிரித்துவிட்டுப் பருத்தி நூலில் அதையே பின்னட்டுமா?

பதில்: பிரிக்க வேண்டாம். அந்தத் துண்டு கையில்லாத ஸ்வெட்டராக மாறினால், ஏப்ரலில் உங்கள் மகள் தினமும் போடும் உடுப்பு அதுதான்.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். இந்தியாவிலும் இலங்கையிலும் புழங்குவது பழைய பிரிட்டிஷ் நம்பர். அதில் 8 என்றால் 4 மி.மீ. தடிமன். அமெரிக்க நம்பரில் 8 என்றால் 5 மி.மீ. கனடாவில் கிடைக்கும் பேட்டர்ன்கள் பெரும்பாலும் அமெரிக்க நம்பரையே சொல்கின்றன. பிரிட்டிஷ் முறையில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும் (10 நம்பர் 3.25 மி.மீ. தான்). அமெரிக்க முறையில் நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும். 8 நம்பர் இரண்டிலும் அக்கம் பக்கமாக வந்து நிற்பதால் சந்தேகமே எழாது. ஊரிலிருந்து வந்த ஊசிகளை ஒரு அளவுத் துளை அட்டையில் நுழைத்துப் பார்த்து, மி.மீ. அளவை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஊசியின் தலையில் ஒட்டிவிடுங்கள். இனி நம்பரைப் பார்க்கவே வேண்டாம்.

பேட்டர்ன் எதிர்பார்த்தது 10 செ.மீ.க்கு 18 கண்ணி. 60 கண்ணிக்கு 33 செ.மீ. மெல்லிய ஊசியில் உங்களுக்கு விழுந்தது 21 கண்ணி, 28 வரிசை. முன்னும் பின்னும் சேர்த்தால் 57 செ.மீ. குழந்தையின் மார்பைவிடவே 2 செ.மீ. குறைவு. அப்படியே தொடர்ந்திருந்தால் உடம்பை இறுக்கிப் பிடித்திருக்கும். ஆனால் இந்த இறுக்கத்தில் ஒரு லாபம் உண்டு. நெருக்கமாகப் பின்னிய கம்பளி காற்றை நன்றாகத் தடுக்கும்.

டொரொண்டோ மார்ச்சில் பகல் வெப்பம் 5 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஏப்ரலில் 11, 12 வரை வரும், ஆனால் காலையில் டேகேர் வாசலில் விறைக்கும். ஏப்ரலில் பனி கொட்டுவதும் அதிசயமில்லை. சித்திரைப் புத்தாண்டுக்குப் பட்டுப்பாவாடை கட்டிக் கோயிலுக்குக் கூட்டிப்போகும் நாளில்கூட உள்ளே ஒரு கம்பளி தேவைப்படும். இந்த நாட்களில் குழந்தை மாட்டுவது மெல்லிய மழைக்கோட். கையுள்ள தடித்த ஸ்வெட்டரை அதற்குள் திணித்தால் முழங்கையில் சுருண்டு நிற்கும், குழந்தை கழற்றி எறியும். நெஞ்சும் முதுகும் சூடாக இருந்தால் போதும். கைக்கு ஆகும் நேரமும் உங்களுக்கு மிச்சம்.

இனி அகலக் குறையைப் பக்கப்பட்டையால் சரிசெய்யலாம். முன்பக்கத்தையும் அதே 4 மி.மீ. ஊசியில் அதே 60 கண்ணியோடு பின்னுங்கள். ஊசி மாற்றினால் முன்னும் பின்னும் இரண்டு விதத் துணியாகிவிடும். முதுகுத் துண்டின் ஒவ்வொரு பக்க ஓரத்திலிருந்தும் கண்ணி எடுத்து, எல்லா வரிசையும் நிட் (நூலைப் பின்னால் வைத்துப் போடும் சாதாரணக் கண்ணி) மட்டுமே போட்டு 26 வரிசை பின்னினால் ஏறக்குறைய 6 செ.மீ. பட்டை கிடைக்கும். பிறகு அதன் மறு ஓரத்தை முன்பக்கத்தோடு தைக்க வேண்டும். 57 உடன் இரண்டு பட்டைக்கு 12 சேர்த்து, இணைப்புகளில் உள்ளே போகும் 2 செ.மீ. கழித்தால் 67. மார்பைவிட 8 செ.மீ. தளர்வு. சட்டைக்கு மேலே போட இது சரியான அளவு. எல்லா வரிசையும் நிட் போட்ட துணியை இப்படிப் பக்கவாட்டில் பின்னும்போது மேடுகள் செங்குத்தாக நிற்கும், துணி அகலவாக்கில் இழுபடும். குழந்தை அடுத்த குளிர்காலத்தில் கொஞ்சம் பருத்தாலும் பட்டை இடம் கொடுக்கும்.

ஓரத்தில் கண்ணி எடுக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். வரிசைக்கு ஒன்று என்று 64 கண்ணி எடுத்தால் பட்டை பாவாடை ஓரம்போல அலையடிக்கும். உங்கள் அளவில் 21 கண்ணியும் 28 வரிசையும் ஒரே 10 செ.மீ., அதாவது நாலு வரிசைக்கு மூன்று கண்ணி. மூன்று எடுங்கள், ஒன்றை விடுங்கள், மறுபடி மூன்று. 64 வரிசைக்கு 48 கண்ணி. எடுத்து முடித்ததும் துண்டை மேசையில் விரித்துப் பாருங்கள். ஓரம் சுருங்காமலும் அலையாமலும் படுத்தால் மேலே போகலாம். பட்டையை முடிக்கும்போது மட்டும் 5 மி.மீ. ஊசியால் கண்ணி அடையுங்கள் (அதாவது, கண்ணிகளை ஊசியிலிருந்து இறக்கி மூடி முடியுங்கள்). இறுக்கமாக அடைத்தால் தையல் கயிறுபோல இழுத்துப் பிடிக்கும்.

முதுகில் அக்குளுக்கு இரு ஓரத்திலும் 2 கண்ணி அடைத்து, பிறகு ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் ஓரத்துக்கு ஒன்றாக 5 தடவை குறையுங்கள். பாக்கி 46. வழக்கமாக அக்குளில் 4, 5 கண்ணி அடைப்பார்கள். இங்கே பட்டையே 6 செ.மீ. அகலத்தைக் கொடுப்பதால் அவ்வளவு அடைத்தால் கைக்குழி தொளதொளத்துவிடும். அக்குளிலிருந்து 40 வரிசை, அதாவது 14 செ.மீ. ஆனதும் தோளுக்கு 11, கழுத்துக்கு 24, தோளுக்கு 11 என்று முடிக்கலாம்.

முன்பக்கத்துக்கு வி கழுத்து வையுங்கள். நாலு வயதுக் குழந்தையின் தலைச் சுற்று 50 செ.மீ. அளவில் இருக்கும். வட்டக் கழுத்து என்றால் தோளில் பட்டன் வைக்க வேண்டிவரும். அக்குளுக்கு அடைக்கும் அதே வரிசையில் 60ஐ 30, 30 ஆகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகப் பின்னுங்கள். கழுத்து ஓரத்தில் முதல் 8 குறைப்பு ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, அடுத்த 4 குறைப்பு நாலு வரிசைக்கு ஒன்று. கடைசி 8 வரிசை குறைப்பில்லாமல். அக்குளில் 7, கழுத்தில் 12 போக 11 மிஞ்சும், தோளோடு பொருந்தும். இரண்டு குறைப்பும் ஒரே நேரத்தில் ஓடுவதால், குழந்தை கூப்பிட்டு எழுந்துபோய்த் திரும்பினால் எது எத்தனை என்று நிச்சயம் மறக்கும். ஒரு தாளில் 1 முதல் 40 வரை எழுதி, குறைக்க வேண்டிய வரிசைகளுக்கு முன்கூட்டியே புள்ளி வைத்து, முடித்த வரிசையை அடித்துக்கொண்டே போங்கள்.

தோள்களையும் பக்கங்களையும் தைத்த பின் கைக்குழியைச் சுற்றிக் கண்ணி எடுங்கள். சரிவான ஓரங்களில் அதே நாலுக்கு மூன்று, பட்டையின் தலையில் மேட்டுக்கு ஒன்று. 76 ஒட்டி வரும், இரட்டைப்படையாக இருந்தால் சரி. 3.5 மி.மீ. ஊசியில் ஒரு நிட், ஒரு பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடும் கண்ணி) என்று 4 வரிசை போட்டுத் தளர்வாக அடையுங்கள். கழுத்துக்கும் அதே முறைதான். வி முனையில் ஒரு கண்ணியை நடுவில் வைத்து, அதன் இருபுறமும் ஒரு வரிசை விட்டு ஒன்று குறைத்தால் முனை கூர்மையாக விழும்.

நூல் போதுமா என்று பார்க்க, முடிந்த முதுகுத் துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அது அக்குள் வரை மட்டுமே என்பதால், அந்த எடையைப் போல நாலு மடங்கு வைத்துக்கொண்டால் முழு உடுப்புக்கும் தாராளம்.

பருத்தி பற்றிக் கேட்டீர்கள். இதே கணக்கை அப்படியே பருத்திக்கு மாற்றினால் ஏமாற்றம்தான். கம்பளி இழையில் இயற்கையாகவே நெளிவு உண்டு, இழுத்து விட்டால் திரும்பிவிடும். பருத்தியில் அது இல்லை. அதே தடிமனில் பருத்தி எடையும் அதிகம், அதனால் உடுப்பு தன் பாரத்திலேயே கீழே இறங்கும். போட்ட அன்று இடுப்பில் நின்றது மாதக் கடைசியில் தொடையில் நிற்கும். ஓர ரிப் (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் பட்டை) தளர்ந்து வாய் பிளக்கும். உடுப்பில் இறங்கும் முன் ஒரு சமையலறைத் துணி பின்னிப் பழகுங்கள், 50 கிராம் உருண்டை ஒன்று போதும். 4.5 மி.மீ. ஊசியில் 4 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் 2 நிட், நூலை ஒருமுறை ஊசியில் சுற்றி, மீதி நிட். 45 கண்ணி ஆனதும் குறைக்கத் தொடங்குங்கள்: 1 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, ஒரு சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒன்று, மீதி நிட். 4 கண்ணி வந்ததும் அடைக்கலாம். மூலைவாட்டில் வளரும் சதுரம், ஓரமெல்லாம் துளை வரிசை. துவைக்குமுன் ஒரு தடவை, துவைத்துக் காயவைத்து ஒரு தடவை அளந்து பாருங்கள். நீங்கள் வாங்கிய பருத்தி எவ்வளவு மாறுகிறது என்பது கையில் தெரிந்துவிடும்.

மே மாதத்தில் கம்பளியை எடுத்து வைக்கும்போது அழுக்கோடு வைக்காதீர்கள். கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தையே அது முதலில் தேடும். 30 டிகிரிக்கு மேற்படாத தண்ணீரில், தேய்க்காமல் அமுக்கி அலசுங்கள். சூடும் உரசலும் சேர்ந்தால் கம்பளி இறுகி அட்டையாகிவிடும். முறுக்கிப் பிழியாமல் டவலில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். ஹீட்டர் மேல் போட வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். பூச்சி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், மூடிய பையை இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுக்கலாம். குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். பல அந்துருண்டைகளில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், வெள்ளை மிட்டாய் என்று வாயில் போடவும் வாய்ப்புண்டு. பெட்டியில் ஏற்கெனவே இருந்தால் இன்றே அப்புறப்படுத்தி, அதிலிருந்த துணிகளைத் துவைத்து வெளியே நன்றாகக் காற்றாடவிட்ட பிறகே குழந்தைக்குப் போடுங்கள்.