டிரையல்ஸ் பழகும் வண்டிக்கு டியூப்லெஸ்: முதலில் ரிம்மைப் பாருங்கள்

டிரையல்ஸ் என்றால் கல், மேடு பள்ளத்தில் நின்றுகொண்டே மெதுவாக வண்டியை ஏற்றி இறக்குகிற விளையாட்டு. அதைப் பழகுகிற ஒரு தம்பி சாயல்குடி பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்:

"அண்ணே, என்னிடம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் இருக்கிறது. ஸ்ப்ராக்கெட் மாற்றி, சீட்டை இறக்கி டிரையல்ஸ் பழகுகிறேன். கண்மாய்க்கரை, கலுங்குக் கல், சில நாள் வாலிநோக்கம் பக்கம் மணல். வாரம் தவறாமல் கருவேல முள் ஏறி பஞ்சர். வெளிநாட்டு டிரையல்ஸ் வண்டியெல்லாம் டியூப்லெஸ், 4, 5 பி.எஸ்.ஐ. காற்றில் ஓடுகிறது என்கிறார்கள். மதுரையில் ஒரு கடைக்காரர், ஸ்போக்ஸ் வீலை அப்படியே சிலிக்கான் வைத்து அடைத்து இரண்டு சக்கரத்தையும் டியூப்லெஸ் ஆக்கித் தருகிறேன், 6,000 ரூபாய் என்கிறார். செய்யலாமா?"

செய்யாதீர்கள் தம்பி. முன் சக்கரத்துக்குக் கண்டிப்பாக வேண்டாம். பின் சக்கரத்துக்கும், இப்போது இருக்கிற ரிம்மில் வேண்டாம். அந்த 6,000 ரூபாய்க்கு வேறு நல்ல வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

வெளிநாட்டு வண்டி பற்றிய சேதியில் பாதிதான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. மான்டெசா, காஸ் காஸ், பீட்டா, ஷெர்கோ என்று போட்டிக்கென்றே செய்கிற வண்டிகளில் பின் டயர் டியூப்லெஸ்தான்; 18 இஞ்ச், 4.00 அளவு. முன் டயர் 21 இஞ்ச், 2.75, அதில் டியூப் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். பின்னால் 4, 5 பி.எஸ்.ஐ. என்பதும் உண்மை, முன்னால் அதைவிட ஒன்றிரண்டு கூடுதலாக வைப்பார்கள். ஆனால் அந்த வண்டியின் எடை சுமார் எழுபது கிலோ. உட்கார சீட்டே கிடையாது, நின்றுகொண்டே நடை வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கல்லில் ஏற்றி இறக்குவார்கள். உங்கள் எக்ஸ்பல்ஸ் 150 கிலோவுக்கு மேல். அதை 5 பி.எஸ்.ஐ.யில் வைத்துக் கலுங்குக் கல்லில் இறக்கினால் டயர் முழுக்க நசுங்கி ரிம் நேராகக் கல்லில் போய் அடிக்கும். டியூப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அடி ஒன்றுதான், பஞ்சருக்கு முன்னால் ரிம் போய்விடும்.

சரி, அவர்கள் பின் சக்கரத்தில் டியூப் இல்லாமல் எப்படி ஓட்டுகிறார்கள்? ரிம்மே அதற்காகச் செய்தது. சில ரிம்களில் நடுவில் ஒரு விளிம்பு எழும்பி நிற்கும், ஸ்போக்ஸ் கம்பி அதில் மாட்டியிருக்கும், காற்று நிற்கிற இடத்துக்குள் ஓட்டையே இருக்காது. வேறு சிலவற்றில் நடுப்பள்ளத்தில் கனமான ரப்பர் பட்டை உட்காரும், பட்டை நகராதபடி ரிம்மின் வடிவமே இருக்கும். இன்னொன்று, டயரின் ஓரக்கட்டு, அதாவது பீட், உட்கார்ந்த இடத்திலிருந்து உள்பக்கம் சரியாமல் தடுக்கச் சின்ன மேடு ஒன்று ரிம்மில் இருக்கும். காற்று குறைந்தாலும் டயர் பள்ளத்துக்குள் விழாமல் பிடிப்பது அந்த மேடுதான். ரிம்மில் அச்சடித்த அளவைப் பாருங்கள். டபிள்யூ.எம். (WM) என்று இருந்தால் மேடு கிடையாது, பேச்சை அதோடு நிறுத்திவிடலாம். எம்.டி. (MT) என்று இருந்தால் மேடு உண்டு. ஆனாலும் எம்.டி. என்ற ஒரே காரணத்தால் அது டியூப்லெஸ் ரிம் ஆகிவிடாது, ஸ்போக்ஸ் ஓட்டை வழியாகக் காற்று போகிற பிரச்சினை அப்படியே இருக்கிறது. டியூப் போட்டு வருகிற பல வண்டியிலும் எம்.டி. ரிம் உண்டு.

"ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்கு ஸ்போக்ஸ் வீலிலேயே டியூப்லெஸ் கொடுக்கிறதே" என்று அடுத்துக் கேட்பீர்கள். கொடுக்கிறது, அதற்கென்றே செய்த வேறு ரிம்மோடு கொடுக்கிறது. பழைய ரிம்மை எடுத்து சிலிக்கான் பூசிக் கொடுக்கவில்லை.

இப்போது மதுரைக் கடைக்காரருக்கு வருகிறேன். அவர் என்ன செய்வார் என்று வரிசையாகச் சொல்ல முடியும், ஏனென்றால் இந்த வேலையைச் செய்கிற எல்லாக் கடையிலும் இதேதான் நடக்கிறது. டயரைக் கழற்றி, ஸ்போக்ஸ் கம்பியை ரிம்மில் இறுக்குகிற நிப்பிள்களின் தலையெல்லாம் துடைத்து, ஒவ்வொன்றின் மேலும் சிலிக்கான் வைத்து, மேலே ஒரு டேப் சுற்றி, மறுநாள் டயரை ஏற்றி 30 பி.எஸ்.ஐ. அடித்து சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார். ஒரு குமிழி வராது. நீங்களும் சந்தோஷமாக ராமநாதபுரம் வந்து சேர்வீர்கள். அன்றைக்கு அது நிற்கும் தம்பி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நீங்கள் ஓட்டுவது டிரையல்ஸ். ஒவ்வொரு இறக்கத்திலும் ஸ்போக்ஸ் கம்பி இழுபட்டுத் தளரும், தளர்ந்தால் வீல் கோணும், கோணினால் பெண்டு எடுக்க நிப்பிளைத் திருக வேண்டும். நிப்பிள் கால் சுற்றுத் திரும்பினாலே அதன் தலையில் ஒட்டின சிலிக்கான் பிய்ந்துவிடும். ஆக உங்களுக்கு இரண்டே வழி: பெண்டு எடுக்காமல் கோணல் வீலில் ஓட்டுவது, இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் டயரைக் கழற்றித் திரும்பவும் பூசுவது. "ஒரு வருடம் கேரண்டி" என்கிறவரிடம் பெண்டு எடுத்த பிறகும் அது செல்லுமா என்று மட்டும் கேளுங்கள். பதிலுக்குப் பதிலாக டீ வரும்.

நம் கடற்கரையில் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. கடைகளில் எடுக்கிற சிலிக்கான் பெரும்பாலும் பாத்ரூமுக்கும் மீன் தொட்டிக்கும் வாங்குகிற ரகம். மூடியைத் திறந்தால் காடி வாசம் அடிக்கும். அது காயும்போது அசெட்டிக் அமிலம் வெளிவருகிறது, அலுமினியமானாலும் பித்தளையானாலும் இரும்பானாலும் அரிக்கும். இதற்கு மேல் உப்புக்காற்று. வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, புது நிப்பிளே ஒரு மழைக்காலத்தில் பச்சை பிடித்துப் போகும். சிலிக்கானுக்கு அடியில் நிப்பிள் இறுகிப்போவது வெளியே தெரியாது, ஒருநாள் பெண்டு எடுக்கப் போகும்போது கம்பி முறியும். பீட் உட்காருகிற இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடி விட ஆரம்பித்தால் அது வழியாகவும் காற்று இறங்கும், அதை எந்த சிலிக்கானும் நிறுத்தாது, உரசிச் சுத்தம் பண்ணினால்தான் உண்டு.

முன் சக்கரத்தைப் பற்றி நீட்டவில்லை. பின்னால் காற்று போனால் வண்டி ஆடும், முன்னால் பீட் கழன்றால் நீங்கள் தரையில். ஈ.சி.ஆரில் எதிரே மீன் லாரி வரும்போது அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மட்டும் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு "அண்ணன் கூடாது என்றார், இன்னொருவர் நன்றாக ஓட்டுகிறார்" என்று வந்து நிற்பீர்கள். வண்டியை ரோட்டில் ஓட்டவே மாட்டேன், குட்டி யானையில் ஏற்றித்தான் களத்துக்குக் கொண்டுபோவேன், திரும்பவும் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவருவேன் என்கிற ஆளாக இருந்து, பின் சக்கரத்துக்கு மட்டும், டிரையல்ஸுக்கென்றே செய்த டியூப்லெஸ் ரிம்மை வாங்கி உங்கள் ஹப்புக்குத் தகுந்த கம்பி போட்டுக் கட்டிக்கொள்வீர்களானால், செய்யுங்கள். ஏற்றித்தான் போவேன் என்றால் ஏற்றித்தான் போக வேண்டும். "களத்திலிருந்து வீடு நாலு கிலோமீட்டர்தானே அண்ணே" என்பது ரோட்டில் ஓட்டுவதுதான். "பெட்ரோல் போட மட்டும் பங்க் வரை" என்பதும் அதுதான். 5 பி.எஸ்.ஐ.யில் தார் ரோட்டில் வேகம் எடுத்தால் டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடாகும், வளைவில் சாய்த்தால் பீட் கழலும். குட்டி யானை வாடகையையும் டிரையல்ஸ் ரிம்மின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கூட்டிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் டியூப்புக்கே திரும்பி வருகிறார்கள்.

ட்யூப்லிஸ் (Tubliss) என்ற பெயரில் ஒரு அமெரிக்கச் சரக்கு இருக்கிறது, ரிம்மோடு ஒட்டி 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று பிடித்த சின்ன டியூப் ஒன்று உள்ளே இருந்து பீட்டை அழுத்திப் பிடிக்கும். நல்ல சரக்கு, ஆனால் செய்கிறவர்களே ரோட்டுக்கு இல்லை என்கிறார்கள்.

ரிம் ஒருவழியாகக் கிடைத்தாலும் டயர் எங்கே? அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தியாவில் டூவீலர் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2020 ஜூனில் டயர் இறக்குமதியையே கட்டுப்பாட்டுப் பட்டியலில் தூக்கிப் போட்டார்கள். மிஷெலின், டன்லப், ஐ.ஆர்.சி. எல்லாம் டிரையல்ஸ் டயர் செய்கிறார்கள், நம் ஊர்க் கடையில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். இந்த இடைவெளியில்தான் வாட்ஸ்அப் வியாபாரிகள் புகுகிறார்கள். "ஒரிஜினல் இம்போர்ட், ஒரே ஒரு பீஸ்" என்று போட்டோ அனுப்புவான், பணம் போட்ட பிறகு வருகிற டயர் கல் மாதிரி இறுகியிருக்கும். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2317 என்றால் 2017-ல் 23-வது வாரம் செய்தது. அந்த எண் தெரிகிற போட்டோ வராமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். ரப்பர் மெத்தென்று இருந்தால்தான் டிரையல்ஸ் டயர், இறுகினது வெறும் பாரம். போட்டோவில் கறுப்பு பாலிஷ் பளபளத்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

தரமான சரக்கு சட்டப்படி உள்ளே வர ஆயிரம் தடை, பாத்ரூம் சிலிக்கானால் வீல் அடைக்கிற கடைக்கு ஒரு விதியும் கிடையாது. ஆனால் விபத்து என்று ஒன்று நடந்தால் மட்டும் எல்லா விதியும் எழுந்து வந்துவிடும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்து உங்கள் முன்னால் வைப்பார்கள், இன்சூரன்ஸ் சர்வேயர் சிலிக்கானைச் சுரண்டிப் பார்ப்பார். கடைக்காரர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

முள்ளுக்கு வருவோம், உங்கள் உண்மையான தொல்லை அதுதானே. கருவேலத்தை அகற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டு வருடங்கள் ஆகின்றன, அது கரிமூட்டம் போடுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் பயப்படுவதாகத் தெரியவில்லை. டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் உடனே காற்று போகாது, உண்மைதான். ஆனால் டிரையல்ஸ் டயருக்குப் பக்கச் சுவர் மெல்லிசு, கண்மாய்க்கரையில் முள் பாதி நேரம் பக்கத்தில்தான் ஏறும், பக்கத்தில் ஏறினதற்கு ஸ்ட்ரிப் குத்தி அடைக்க முடியாது. "ஜெல் ஊற்றிவிடுகிறேன்" என்பார்கள். ஜெல் ஓட்டையை அடைக்க உள்ளே காற்று அதைத் தள்ள வேண்டும், சக்கரம் வேகமாகச் சுற்றி எல்லா இடமும் பரப்ப வேண்டும். நடை வேகத்தில், காற்றும் குறைந்த டயரில் அது அடியில் குளம் கட்டி நிற்கும். மலிவான ஜெல் ரிம்மையும் தின்னும்.

பஞ்சர் வாரம் தவறாமல் வருகிறது என்று எழுதினீர்களே, அதில் எத்தனை புது முள், எத்தனை பழைய முள் என்று பார்த்தீர்களா? கருவேல முள் டயருக்குள்ளேயே முறிந்து நுனி மட்டும் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். கடையில் டியூப்பை ஒட்டி அப்படியே மாட்டிவிடுவார்கள், நாலு நாளில் அதே இடத்தில் திரும்பக் குத்தும். டயரின் உள்பக்கம் முழுக்கப் பழைய பனியன் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், நூல் மாட்டுகிற இடத்தில் முள் இருக்கிறது. வெறும் கையால் தடவாதீர்கள். குறடால் பிடுங்கி எடுத்த பிறகே டியூப்.

இப்போது அந்த 6,000 ரூபாய். உங்கள் டயர் அளவுக்குச் சரியான கனமான டியூப் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சின்ன டியூப்பை இழுத்துப் போடுகிற வேலை வேண்டாம். பின் சக்கரத்துக்கு ஒரு ரிம் லாக், அது டயரை ரிம்மோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும், காற்று குறைத்து ஓட்டும்போது டயர் நழுவி வால்வைப் பிய்க்காது. அதற்கு ரிம்மில் ஒரு ஓட்டை போட வேண்டும், நல்ல லேத்தில் போடுங்கள். வேகத்தில் கொஞ்சம் அதிரும், பயப்பட வேண்டாம். 15 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டுகிற சின்ன ஏர் கேஜ் ஒன்று, பங்க்கில் இருக்கிற கேஜ் கீழ் அளவில் சும்மா ஒரு எண்ணைக் காட்டும். ஒரு கைப்பம்பு, இரண்டு டயர் லீவர். இவ்வளவுக்கும் சேர்த்துப் பணம் மிச்சம் இருக்கும்.

கல்லில் பழகும்போது 12 முதல் 15 பி.எஸ்.ஐ., வெறும் மணலில் 10 வரை இறக்கலாம், அதற்குக் கீழே போகாதீர்கள். ரோட்டுக்கு ஏறும் முன் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்குத் திரும்ப அடித்துவிட வேண்டும், கைப்பம்பு அதற்குத்தான். மணலுக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் ஸ்போக்ஸையும் நிப்பிளையும் கழுவி, காய்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய். ஆமை முட்டையிட வருகிற மாதங்களில், ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, கடற்கரை மணல் பக்கமே போகாதீர்கள், வனத்துறை பிடித்தால் நான் வந்து பேச மாட்டேன்.

டியூப் வால்வின் அடி நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடியோடு சேர்த்து விட்டுவையுங்கள். டயர் நழுவினால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். சாய்ந்திருப்பதைப் பார்த்தால் ஓட்டாமல் நிறுத்தி, காற்றை முழுக்க இறக்கி, ரிம் லாக்கைத் தளர்த்தி, டயரைத் திருப்பி வால்வை நேராக்கி, லாக்கை இறுக்கிவிட்டுக் காற்றடியுங்கள்.