அம்மாவைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு எதைப் படம் எடுக்கிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 31. மதுரையில் இருக்கிறேன். ஐடி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே ஆன்லைனில் சுங்குடி சேலை (முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் பொட்டுச் சேலை) விற்கிறேன். அம்மா கையால் முடிச்சுப் போடும் சேலை மாதத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். மீதியெல்லாம் மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும் வாங்கி விற்பதுதான். இன்ஸ்டாகிராமில் 11 மாதமாகத் தினமும் ஒரு ரீல்ஸ் போட்டேன். டிரெண்டிங் பாட்டு, பண்டிகை வாழ்த்து, ஆஃபர், சேலை கட்ட ஐந்து வழிகள் என்று எல்லாம் செய்தாயிற்று. இப்போது என்ன போடுவது என்றே தெரியவில்லை. அம்மா வேலை செய்துகொண்டே சௌராஷ்டிரத்தில் பாதியும் தமிழில் பாதியுமாக யாரிடமாவது பேசிக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தம் விழுவதால், படம் எடுக்கும்போது அவரைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். அப்படியும் ஒரு வீடியோவுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. போன மாதம் நேரில் வந்த ஒரு அக்கா அம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசியதில் அன்றைய ஷூட்டிங்கே வீணாகிவிட்டது (மூன்று சேலை வாங்கினார், அது வேறு விஷயம்). ஐடியா கிடைக்க நல்ல ஆப் ஏதாவது உண்டா? ஏஐ வைத்து எழுதலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் ஆப், ஏஐ, ரீல்ஸ் எல்லாம் இருக்கட்டும். நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அம்மாவைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன் என்று. மின்விசிறியை நிறுத்துவேன், ஜன்னலை மூடுவேன் என்பது போல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். இன்னும் அந்த வரியை விட்டு வர முடியவில்லை, அதனால் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன், கோபம் வந்தாலும் கடைசிவரை படியுங்கள்.

என்ன போடுவதென்று தெரியவில்லை என்ற கடிதம் எனக்குப் புதிதில்லை. ஊறுகாய் விற்பவர்கள் எழுதுகிறார்கள், மசாலாப் பொடி விற்பவர்கள் எழுதுகிறார்கள், ஆரி வேலை ரவிக்கை தைத்துத் தரும் பெண்கள் எழுதுகிறார்கள். எல்லார் கடிதத்திலும் எங்கோ ஒரு மூலையில் அந்தத் தொழில் தெரிந்த ஒரு பெரியவர் இருப்பார், அம்மாவோ மாமியாரோ பாட்டியோ. இவர் பழைய ஆள், இவருக்கு இதெல்லாம் புரியாது என்று தாண்டிப் போயிருப்பார்கள். உங்கள் கடிதத்தில் மட்டும்தான் கதவையே சாத்தியிருக்கிறீர்கள்.

அந்த அக்காவை எடுத்துக்கொள்வோம். முக்கால் மணி நேரம் உங்கள் அம்மாவிடம் என்ன பேசினார்? உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள். ஷூட்டிங் போயிற்றே என்ற எரிச்சலில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவர் என்ன கேட்டிருப்பார் என்று நான் சொல்லட்டுமா, நானும் சேலை வாங்குகிறவள்தானே? சாயம் போகுமா, முதல் அலசலுக்குக் கல் உப்பு போட வேண்டுமா, கஞ்சி போடலாமா, சுருங்குமா, மதுரை வெயிலுக்கு எது மெல்லிசாக இருக்கும், வயதான மாமியாருக்கு எந்த நிறம் வாங்கலாம், இது நிஜ முடிச்சா அச்சா, முடிச்சு என்றால் ஒரு சேலைக்கு எத்தனை நாள் ஆகும், உங்களுக்குக் கண் வலிக்காதா அம்மா? இப்போதே எட்டு ஒன்பது வீடியோ ஆயிற்று. எல்லாமே காசு கொடுத்து வாங்க வந்த ஒருவர் வாயிலிருந்து வரக்கூடிய கேள்விகள். நீங்கள் 11 மாதம் தேடியது உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டு, மூன்று சேலையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. அதை அடைப்புக்குறிக்குள் போட்டு வேறு விஷயம் என்கிறீர்கள்.

அம்மா பேசினார், சேலை விற்றது. உங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய விஷயம் எது, சொல்லுங்கள்?

சேலை கட்ட ஐந்து வழிகளை யார் வேண்டுமானாலும் போடலாம், போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பது வேறு யாரிடமும் இல்லாதது. நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து, திருமலை நாயக்கர் மஹாலைச் சுற்றிக் குடியேறி, நெசவும் சாயமுமாக வாழ்ந்த சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை அது. 2005-ல் மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு நீங்கள் டிரெண்டிங் பாட்டுக்கு மடித்து வைத்த சேலையைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வியாபாரக் கணக்கு என்று பதிந்துவிட்டால் சினிமாப் பாட்டு பலவற்றை இன்ஸ்டாகிராம் பயன்படுத்தவே விடாது, உரிமை பிரச்சினை வந்தால் சத்தத்தையே எடுத்துவிடும். அம்மாவின் குரலுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

முடிச்சுச் சேலை எப்படி ஆகிறது என்பது மதுரையிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி, அப்படியே ஆயிரக்கணக்கில் கட்டி, சாயத்தில் முக்கி, காயவைத்து, அப்புறம் முடிச்சுகளை அவிழ்க்கும்போது பொட்டு பொட்டாக விரியுமே, அதை ஒரு முறையாவது நீங்கள் கிட்டே வைத்துப் படம் எடுத்திருக்கிறீர்களா? கையால் கட்டிய பொட்டு ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது, நடுவில் சாயத் துளி ஒன்று நிற்கும், கட்டிய இடம் லேசாகக் குமிழ்ந்து கைக்குத் தட்டுப்படும். அச்சுப் பொட்டு எல்லாம் ஒரே அளவு, தட்டை. குஜராத்தில் பாந்தனி என்று இதே போல முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சேலையை முடிச்சு அவிழ்க்காமலே விற்பதும் உண்டு, வாங்குகிறவர் கண்ணெதிரில் பிரித்துக் காட்டினால் கைவேலைதான் என்று நம்பிக்கை வருமே. நீங்களும் அம்மாவின் ஒரு சேலையை முடிச்சோடு அனுப்பி, வாங்கியவரே பிரிக்கட்டும் என்று செய்து பார்க்கலாம். பிரிக்கும்போது அவர்களே படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவார்கள், நீங்கள் கேட்கவே வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மாதம் இரண்டு முடிச்சுச் சேலை, மற்றதெல்லாம் அச்சு என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் கீழே பாரம்பரியக் கைவேலை என்று பொதுவாகப் போட்டிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆளை ஏமாற்றும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். புவிசார் குறியீட்டுப் பெயரைத் தவறாகப் பயன்படுத்தினால் சிறை வரை போகிற தனிச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஸ்கிரீன் பிரிண்டை முடிச்சு என்று சொல்லி விற்றால், கண் எரிய எரிய நிஜ முடிச்சுப் போடுகிற உங்கள் அம்மாவின் கூலியைத்தான் நீங்கள் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மெழுகு அச்சை மெழுகு அச்சு என்றே சொல்லுங்கள், அதுவும் ஒருவர் கையால் ஒற்றி எடுத்த வேலைதான், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. மூன்று வகையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இது இவ்வளவு விலை, இதனால்தான் விலை என்று ஒரு வீடியோ போடுங்கள். அந்த ஒரு வீடியோவை மக்கள் தோழிகளுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

சரி, ஆப் கேட்டீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் 11 மாதமாக வந்த எல்லாக் கேள்விகளையும் ஒரு ராத்திரி உட்கார்ந்து அதில் எழுதுங்கள், ஒரே கேள்வி மூன்று பேர் கேட்டிருந்தால் அதை முதலில் எடுங்கள். யூடியூப் தேடல் கட்டத்தில் சுங்குடி சேலை என்று தமிழில் அடித்தால் கீழே தானாக வரிசை விழும், மக்கள் தேடுவது அதுதான், அதையும் எழுதுங்கள். தினமும் போட வேண்டும் என்ற வெறியை விடுங்கள், வாரத்துக்கு இரண்டு உருப்படியாகப் போதும். ஏஐ எழுத்துப்பிழை பார்க்கும், தலைப்பைச் சுருக்கித் தரும், அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதனிடம் ஐடியா கேட்டால் இன்னொரு சேலைக் கடைக்காரருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லும், உங்கள் அம்மா முதல் முடிச்சை யாரிடம் கற்றுக்கொண்டார் என்பது அதற்கு எப்படித் தெரியும்? உங்களுக்காவது தெரியுமா?

வியாபாரம் பேசியாயிற்று. இப்போது வீட்டு விஷயம். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன்.

என் அம்மா தையல்காரி. மெஷினை மிதித்துக்கொண்டே சத்தமாகப் பாடுவார், சுருதி சேராது, தெருவுக்கே கேட்கும். கல்லூரித் தோழிகள் வீட்டுக்கு வந்தால் எனக்கு வெட்கமாக இருக்கும், எழுந்து போய் அந்த அறைக் கதவைச் சாத்துவேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை அவர். நாலைந்து மாதம் கழித்துத்தான் கவனித்தேன், வீட்டில் யாருமே இல்லாத நேரத்திலும் அவர் பாடுவதை நிறுத்தியிருந்தார். அதற்கப்புறம் இருபது வருடம் உயிரோடு இருந்தார், நான் கேட்டும் பாடவில்லை. விடு, தொண்டை சரியில்லை என்பார். எல்லாம் தெரிந்துதான் தொண்டையைக் காரணம் சொன்னார் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் உங்கள் அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. உங்கள் அம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், தம்பி. இன்னும் நேரம் இருக்கிறது.

அதிலும் அவர் பேசுவது வீட்டு மொழியில். அந்த மொழியைப் பேசுகிற பிள்ளைகள் ஏற்கெனவே குறைந்துகொண்டு வருகிறார்கள். மகனே அந்தச் சத்தம் வீடியோவில் விழக்கூடாது என்று கதவைச் சாத்தினால், பேத்தியிடம் எந்த மொழியில் பேசுவது என்று அவர் யோசிக்க மாட்டாரா? தமிழ் பாதி, சௌராஷ்டிரம் பாதியாக அவர் பேசட்டும், கீழே தமிழில் எழுத்துப் போடுங்கள்.

இதைப் படித்ததும் போனைத் தூக்கிக்கொண்டு அம்மா முகத்துக்கு நேரே நீட்டிவிடாதீர்கள், அதைத்தான் செய்வீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று வரை இரைச்சலாக இருந்தவர் இன்று முதல் கன்டென்ட் என்றால், அது முதல் தப்பைவிடப் பெரிய தப்பு. பெற்றவள் மகன் கேட்டால் மறுக்க மாட்டாள், அந்தத் தைரியத்தில் கேட்கக்கூடாது. அவரிடம் மனசு விட்டுக் கேளுங்கள்: முகம் தெரியலாமா, கை மட்டும் போதுமா, குரல் மட்டுமா, எதுவுமே வேண்டாமா. எதுவும் வேண்டாம் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, நீங்களே உங்கள் குரலில் சொல்லுங்கள், அதுவே போதும்.

அப்புறம் கூலி. வெளியே ஒரு பெண்ணிடம் முடிச்சுப் போடக் கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று பேசித்தானே கொடுப்பீர்கள்? அம்மாவுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? கடிதத்தில் 11 மாதக் கதை இருக்கிறது, அந்தக் கணக்கு இல்லை. குடும்பம்தானே, சாப்பாடு போடுகிறேனே, மருந்து வாங்கித் தருகிறேனே என்று சொல்லாதீர்கள், அது மகனின் கடமை, அது தனி. தொழிலில் அவர் உழைத்த கூலி தனி. அதை அவர் கையில் கொடுக்க வேண்டும், உங்கள் கணக்கில் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது கேளும்மா என்று சொல்வது கூலி இல்லை. அவர் அந்தப் பணத்தைத் திரும்ப உங்களிடமே கொடுப்பார், பேரப் பிள்ளைக்கு ஏதாவது வாங்குவார், கோயிலுக்குப் போடுவார். அது அவர் இஷ்டம்.

செய்ய வேண்டியது இதுதான். இன்றைக்குச் சாயங்காலம் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போங்கள். அம்மா, சத்தம் விழுகிறது என்று உன்னை உள்ளே அனுப்பினேன், தப்பு என்று சொல்லுங்கள். அவர் அதெல்லாம் ஒன்றும் இல்லைடா என்று சொல்லிவிடுவார், நம்பிவிடாதீர்கள், ஒரு துணியை எடுத்து எனக்கும் ஒரு முடிச்சுப் போடச் சொல்லிக் கொடு என்று கேளுங்கள். நீங்கள் போடும் முதல் பத்து முடிச்சு அவிழ்ந்து போகும். அப்போது அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.