மெடிச்சி உண்டியல்

அன்புள்ள ஐயா,

வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை விலக்கியிருந்த காலத்தில், புளோரன்ஸின் மெடிச்சி குடும்பம் வங்கி நடத்தி எப்படிப் பணம் சேர்த்தது? அவ்வளவு பணம் இருந்தும், 1397இல் தொடங்கிய வங்கி ஏன் நூறாண்டைத் தொடவில்லை?

கே.

அன்புள்ள கே.,

கடன் பத்திரத்துக்குப் பதில் அவர்கள் உண்டியல் வாங்கினார்கள். ஓர் ஊரில் பெற்ற பணத்தை வேறோர் ஊரில், வேறு நாணயத்தில் கொடுக்கச் சொல்லி எழுதும் தாள் அது.

வெனிஸில் ஒருவருக்கு அவ்வூர்த் தங்க நாணயமான டுகாட் 500 தேவை என்று வையுங்கள். வங்கி கொடுக்கிறது. அவர் லண்டனில் உள்ள தன் முகவருக்கு எழுதித் தருகிறார்: மூன்று மாதம் கழித்து, டுகாட்டுக்கு 47 ஆங்கிலப் பென்னி வீதம் 23,500 பென்னி கொடுக்கவும். அது வசூலானதும் லண்டனில் உள்ள வங்கியின் ஆள், அந்தப் பணத்துக்கு வெனிஸ் உண்டியல் ஒன்றை வாங்கி அனுப்புகிறார். லண்டனில் டுகாட்டின் விலை 44 பென்னி. இன்னும் மூன்று மாதத்தில் வெனிஸில் கைக்கு வருவது 534 டுகாட். ஆறு மாதத்தில் 34 டுகாட் லாபம், தாளில் வட்டி என்ற சொல்லே கிடையாது.

ஊருக்கு ஊர் ஏன் விலை மாறுகிறது? இன்று டுகாட் கொடுத்துப் பிறகு பென்னி வாங்குபவர் கூடுதல் பென்னி கேட்பார். இன்று பென்னி கொடுத்துப் பிறகு டுகாட் வாங்குபவர் டுகாட்டுக்குக் குறைந்த பென்னிதான் தருவார். இரண்டு ஊரிலும் லாபம் முன்பணம் கொடுப்பவர் பக்கமே விழும். நடுவில் லண்டன் விலை ஏறினால் நட்டமும் வரும். அந்த ஆபத்து இருந்ததால்தான் இறையியலாளர்கள் பெரும்பாலோர் இதை நாணய மாற்று என்று ஏற்றார்கள்.

சரிவும் இந்த ஓட்டத்திலேயே இருந்தது. பட்டு, மிளகு, படிகாரம் எல்லாம் இத்தாலியிலிருந்து வடக்கே போயின. போப்புக்குச் சேரவேண்டிய வரிகளும் வடக்கிலிருந்துதான் வரவேண்டும். திருப்பி ஏற்றிவர ஆங்கிலேயக் கம்பளியை விட்டால் பெரிய சரக்கு இல்லை. பணம் லண்டனிலும், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜிலும் தேங்கியது. கம்பளி ஏற்ற மன்னரின் உரிமம் வேண்டும், உரிமத்துக்கு மன்னருக்குக் கடன் தரவேண்டும். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டுக்குக் கடன் கொடுத்த புளோரன்ஸின் பார்தி, பெருட்சி நிறுவனங்கள் 1340களில் மூழ்கியதை புளோரன்ஸ் மறந்திருக்கக்கூடாது.

வங்கியைத் தொடங்கிய ஜொவான்னியும் அவர் மகன் கோசிமோவும் ஒவ்வொரு கிளையையும் தனிக் கூட்டு நிறுவனமாக வைத்தார்கள். ஒன்று விழுந்தால் மற்றது விழாது. அருமையான ஏற்பாடு, ஆனால் தலைமையில் இருப்பவர் கிளைகளின் ஐந்தொகையை வரி வரியாகப் பார்க்கவேண்டும். கோசிமோவின் பேரன் லொரென்சோ காலத்தில் பொது மேலாளராக இருந்த பிரான்செஸ்கோ சாசெட்டி அதைச் செய்யவில்லை. புரூஜ் கிளையின் தொம்மாசோ போர்த்தினாரி, பர்கண்டிக் கோமகன் சார்லஸுக்கு அள்ளிக் கொடுத்தார். 1477இல் நான்சி போரில் சார்லஸ் இறந்தார். 1494இல் மெடிச்சிகள் நாடு கடத்தப்பட்டபோது வங்கியும் முடிந்தது.

ஆனால் இந்த இருவரையும் பேரேட்டோடு மூடிவிட எனக்கு மனம் வராது. போர்த்தினாரி பிளாண்டர்ஸ் ஓவியர் ஹியூகோ வான் டெர் கூஸிடம் வரைந்து வாங்கிய பெரிய பலிபீட ஓவியம் 1483இல் புளோரன்ஸ் வந்து சேர்ந்தது. அதில் குழந்தை இயேசுவை வணங்கும் மேய்ப்பர்களின் விரல்கள் காய்த்துத் தடித்திருக்கின்றன. ஒருவர் வாய் பிளந்து நிற்கிறார், பல்வரிசையின் ஓட்டை தெரிகிறது. இரண்டே ஆண்டில், சாசெட்டியின் குடும்பச் சிற்றாலயத்துக்குக் கிர்லாந்தாயோ வரைந்த படத்தில் அதே முரட்டு மேய்ப்பர்கள் வந்து மண்டியிடுகிறார்கள்.

இரண்டும் இன்றும் புளோரன்ஸில் உள்ளன. போனால் முதலில் உஃபீசி ஓவியக்கூடத்தில் அந்தக் கைகளைப் பாருங்கள், பிறகு சாசெட்டியின் சிற்றாலயம் உள்ள சாந்தா திரினிதா தேவாலயத்துக்கு நடந்து போங்கள். கால் மணி நேரம் போதும்.